முதல் நோயாளிக்கு நோய் இருக்கக்கூடாது

1

ரொறொன்ரோவில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். மானிப்பாயில் இருக்கிற என் மச்சாள் போன கிழமையும் வட்ஸ்அப்பில் கேட்டாள்.

"அப்ப நீ டொக்டரோ, நேர்ஸோ? ரெண்டில ஒண்டைச் சொல்லன்."

நேர்ஸ்தான். ஆனால் மேலே படித்து, நோயாளியை நானே சோதித்து, இன்ன நோய், இன்ன வருத்தம் என்று சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுக்கலாம். இங்கே அதற்கு நேர்ஸ் பிராக்ரிஷனர் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் நான் படித்த படிப்பை இந்த நாடு ஏற்றுக்கொள்வதற்குப் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். வயோதிபர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டிக்கொண்டே திரும்பவும் முதலில் இருந்து படித்தேன். நான் படித்த இடம் உண்மையில் இருந்தது என்பதற்கு அத்தாட்சி கேட்ட அதிகாரியிடம், "அம்மா, அங்கே யுத்தம் நடந்தது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் வயிற்றுக்குள் கிடக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் இந்தப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினேன். ஒரே வார்ட்டில் என்னோடு வேலை செய்த மார்சியாவும் சேர்ந்தாள். அவள் ஜமேக்காவில் பிறந்தவள். அவளுக்கும் இதே மாதிரி ஒரு கோபம் இருந்தது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுச் சொந்தமாகக் கிளினிக் திறக்க விரும்புகிற எங்களைப் போன்ற நேர்ஸ்மாருக்குச் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் வகுப்பு எடுக்கிறோம். மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை, அது அவர்களுக்குத் தெரியும். இடம் எப்படிப் பிடிப்பது, வாடகை ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது, விளம்பரத்தில் எதைச் சொன்னால் லைசென்ஸ் போகும், சொந்தக்காரரை எப்படிச் சமாளிப்பது, இப்படியான விஷயங்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, இவர் தயார் என்று சொல்லுவோம்.

திட்டம் தொடங்கி இன்னொரு வருஷம் நிறைகிறது. ஒவ்வொரு வருஷமும் நான் வடை சுட்டுக்கொண்டு போவேன், மார்சியா ரம் கேக் கொண்டுவருவாள். இந்த வருஷம் ஒன்றும் இல்லை. மார்சியா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம், எங்களிடம் படித்த துஷ்யந்தியின் கிளினிக் திறப்பு விழாவில் நடந்த சம்பவம். எங்கள் ஆட்களுடைய வட்ஸ்அப் வேகத்தை எனக்குத் தெரியும். வேறு ஆராவது திரித்துச் சொல்லி நீங்கள் கேட்குமுன் நானே எழுதிவிடுகிறேன்.

2

துஷ்யந்தி ஆறு வயதில் இங்கே வந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், தமிழில் பேசும்போது குரல் தானாகத் தணிந்துவிடும். நீரிழிவுக்காரரின் கால்புண்ணைப் பார்ப்பதில் அவளுக்கு நல்ல கை. எங்கள் சனத்தில் வீட்டுக்கு ஒருவர் நீரிழிவோடு இருக்கிறார். தமிழில் பேசி, காலைத் தொட்டுப் பார்த்து, கழுவிக் கட்டிவிட ஒரு இடம் வேண்டும் என்று அவள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மார்சியாவுக்குச் சிலிர்க்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து பார்க்கிங் லொட்டில் துஷ்யந்தியின் மாமியும், அதுதான் புருஷனின் தாய், மாமியின் சிநேகிதி ஒருவரும் அவளைக் காரில் கூட்டிப் போக வந்து நின்றார்கள். அந்தச் சிநேகிதி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். துஷ்யந்தி குனிந்து நின்று, போன் வெளிச்சத்தில் அந்தக் காலைப் பார்த்து, மருந்தும் சொன்னாள். மார்சியா இதை ஜன்னலால் கண்டுவிட்டாள்.

"இவள் தயார் இல்லை, கௌரி" என்றாள். "ஒருவருக்கும் மறுத்துச் சொல்ல இவளுக்குத் தெரியாது. கிளினிக் திறந்தால் சொந்தக்காரர்கள் இவளை உயிரோடு தின்றுவிடுவார்கள். என்றைக்காவது ஒருநாள், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டு, ஒரு ஆளைச் சாகக் கொடுப்பாள்."

"எங்கள் ஆட்களை உனக்குத் தெரியாது" என்றேன்.

"அதனால்தான் எனக்குத் தெரிகிறது" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. சண்டை பிடித்தேன். துஷ்யந்தி அதற்குள் ஆஸ்பத்திரி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவில் இடமும் எடுத்தாகிவிட்டது. அவளுடைய புருஷன் ரூபன் ஓடி ஓடிச் சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான். இது ஓடாவிட்டால் அவளுக்குத் திரும்பிப் போக வேலை இல்லை. நான் பொறுப்பு, கையெழுத்தைப் போடு என்றேன். மார்சியா எனக்காகப் போட்டாள்.

3

மறுத்துச் சொல்வது, உள்ளதைச் சொல்வது, இதெல்லாம் எங்களுக்கு லேசில் வருகிற காரியமா? யாழ்ப்பாணத்தில் நான் வார்ட்டில் நின்ற காலத்தில் சொந்தக்காரர் என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொல்லுவார்கள்.

"மிஸி, ஆளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லமாட்டோம். நோயாளியைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் தலைமாட்டில் நின்று, "உங்களுக்கு ஒண்டுமில்லை, வடிவாச் சாப்பிடுங்கோ, எழும்பி நடப்பியள்" என்று சொல்லுவோம். மருந்து வராத காலம். கொடுக்க எங்களிடம் இருந்தது நல்ல வார்த்தை ஒன்றுதான், அதைக் கொடுத்தோம். அதை நான் இன்றைக்கும் பிழை என்று சொல்லமாட்டேன். அந்த முகங்களில் வந்த ஆறுதலை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பழக்கம் என் வாயோடு ஒட்டிக்கொண்டு விமானம் ஏறி வந்துவிட்டது. இங்கே ஆங்கிலத்தில் எந்த நோயாளிக்கும் எதையும் நேருக்கு நேர் சொல்லுவேன். தமிழ் ஆட்கள் வந்து எதிரில் இருந்தால், "பயப்பிடாதேங்கோ, பெரிசா ஒண்டுமில்லை" என்றுதான் வாய் தொடங்கும். பிறகுதான் மற்றது வரும்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் தமிழில்தான் போல. திறப்பு விழாவுக்கு முந்தின இரண்டு மூன்று கிழமையாக ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் படபடவென்று அடித்து, பிறகு அடங்கும். கோப்பி கூடிப்போச்சு, வயதும் போகுது, பெரிசா ஒண்டுமில்லை.

4

திறப்பு விழாவுக்கு முதல் துஷ்யந்தியின் மாமி எனக்குப் போன் எடுத்தா.

"கௌரி, முதல் நோயாளியா நீங்கள்தான் வந்து இருக்கவேணும். கைராசிக்காரி. நோய் நொடி இல்லாத ஆள்."

இது உங்களுக்குப் புதுசாக இருக்கலாம். இங்கே எங்கள் ஆட்கள் டிஸ்பென்சரி, பல் டொக்டர் கடை, எது திறந்தாலும் முதல் நோயாளியாக நல்ல சுகதேகியாகப் பார்த்து இருத்துவார்கள். முதல் வருகிற ஆளுக்கு வருத்தம் இருந்தால் அது அபசகுனமாம். கிளினிக்குக்கு வருத்தக்காரர் வராமல் வேறு ஆர் வருவது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

என் மகள் அபி டவுன்ரவுனில் தனியாக இருக்கிறாள். நீயும் வாவன் என்று கேட்டேன். "அம்மா, இட்ஸ் எ கிளினிக், நொட் எ கோயில்" என்றாள். அவள் இப்படியான இடங்களுக்கு வருவதை நிறுத்திக் கனகாலம்.

சனிக்கிழமை காலை. அன்றைக்கு வகுப்பு வைக்கவில்லை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முதல் பால் காய்ச்சி, விளக்கேற்றி, முதல் நோயாளியைப் பார்த்து முடித்துவிட வேண்டும். பார்க்கிங் கிடைக்காமல் பிளாசாவின் மற்றத் தொங்கலில் காரை விட்டுவிட்டு, பட்டுச்சீலையோடு பலகாரத் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள், பிளாஸ்ரிக் வாழை. நின்று மூச்சு எடுத்தேன். எடுத்தும் போதவில்லை.

உள்ளே கரண்ட் அடுப்பில் பால். பால் பொங்கி வழிகிற புகைக்கு அலாரம் அடித்துவிடும் என்று ரூபன் கதிரையில் ஏறி நின்று மட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். மார்சியாவின் நெற்றியில் ஆரோ சந்தனம் வைத்துவிட்டிருந்தார்கள். அவள் கடைசியில் சுவரோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அங்கே சும்மா வரவில்லை, கையெழுத்துப் போட்ட பிள்ளை எப்படி நடக்கிறாள் என்று பார்க்கத்தான் வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

குத்துவிளக்கு ஏற்ற மெழுகுதிரியை என்னிடம் தந்தார்கள். திரிக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது மெழுகுதிரி விழுந்தது.

நழுவி விழவில்லை. வலக்கை அதை விட்டுவிட்டது. விரல்களைப் பார்க்கிறேன், அவை என் சொல்லுக் கேட்கவில்லை. சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. மாமி உடனே, "பரவாயில்லை, பரவாயில்லை, திரும்ப ஏத்துங்கோ" என்றா. இடக்கையால் விளக்கு ஏற்றக்கூடாது அல்லவா? அதனால் வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். அதைச் செய்யும்போது எனக்கு வந்த யோசனை சகுனத்தைப் பற்றியது மட்டுந்தான். இத்தனை வருஷ நேர்ஸ் அந்த நேரம் எங்கே போய் ஒளித்தாள் என்று தெரியவில்லை. கொஞ்சத்தில் விரல் வழமைக்கு வந்தது. "உந்தச் சீலைத் தலைப்புத் தட்டினது" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

துஷ்யந்தி சிரிக்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். அவளும் ராகுகாலத்துக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

5

ரூபன் மைக்கைப் பிடித்து, "இப்ப எங்கட கௌரி அன்ரி முதல் நோயாளியா வந்து இருப்பா" என்றான். கை தட்டினார்கள். என்னைக் கதிரையில் இருத்தி, வீடியோக்காரர் லைட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். துஷ்யந்தி ப்ரெஷர் மெஷினைக் கையில் சுற்றினாள். மெஷின் இரைந்து இரைந்து, எண் காட்டாமல் நின்றது. திரும்பவும் சுற்றினாள். திரும்பவும் அதே.

"நேரம் போகுது பிள்ளை" என்றா மாமி.

துஷ்யந்தி மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை வைத்தவள் எடுக்கவில்லை. அவள் விரலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. நாடி ஒரு ஒழுங்கில் இல்லை. ஓடியது, நின்றது, இரண்டு அடியைச் சேர்த்து அடித்தது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். முகம் மாறியது.

வீடியோக்காரர், "அன்ரி, கமெராவைப் பாருங்கோ. அக்கா, எல்லாம் நோர்மல் எண்டு சொல்லுங்கோ, கட் பண்ணுறன்" என்றார்.

அவள் என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அன்ரி, மெழுகுதிரி ஏன் விழுந்தது?"

"வேர்வை, பிள்ளை."

"கை விறைச்சதே?"

"இப்ப சரி."

"எப்ப தொடக்கம் நெஞ்சு இப்பிடி அடிக்குது?"

"துஷி, சனம் பாக்குது. நோர்மல் எண்டு சொல்லு. பின்னேரம் நானே ஹொஸ்பிற்றலுக்குப் போறன்."

நெஞ்சு இப்படி ஒழுங்கில்லாமல் அடித்தால் உள்ளே இரத்தம் கட்டிபடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம், உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிடும். கை விறைத்து வழமைக்கு வருவது அதற்கு முன்னறிவித்தல். பின்னேரம் என்று ஒன்று எனக்கு இல்லாமலும் போகலாம். இதை நான் என் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். அப்படியிருந்தும் அப்படிச் சொன்னேன். திறப்பு விழாவில், முதல் நோயாளியையே அம்புலன்ஸில் ஏற்றினால் இந்தக் கிளினிக்குக்கு எங்கள் சனத்தில் ஒரு காகமும் வராது. அந்தப் பிள்ளைக்கு நான் நல்லது செய்கிறேன் என்றுதான் உண்மையாக நினைத்தேன்.

"என்ன பிள்ளை, சொல்லன்" என்றா மாமி. "அவவுக்கு என்ன, கல்லுமாதிரி இருக்கிறா."

துஷ்யந்தி நிமிர்ந்தாள். மைக்கை அவள் வாய்க்குக் கிட்ட ரூபன் நீட்டினான். "எல்லாம்..." என்று தொடங்கினாள். சனம் கை தட்டத் தயாராகிவிட்டது. நான் அவள் கையை அமத்திப் பிடித்தேன், சொல்லு என்று.  எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிடுவாளோ என்று பயம், சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயம்.

எங்கள் வகுப்பில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது மார்சியாவின் சட்டம். துஷ்யந்தி ஒருநாளும் என்னைப் பெயர் சொன்னதில்லை. வகுப்பில் கூப்பிடாமலே சமாளித்துவிடுவாள், வெளியே அன்ரிதான். இப்போது மைக்கைக் கையால் பொத்தினாள்.

"கௌரி" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். "ஐ ஆம் கோலிங் நைன் வன் வன். டோன்ற் கெட் அப்."

தமிழில் அதை என்னிடம் சொல்ல அவளுக்கு வராது. எனக்கும் அது விளங்கியது. ஆனால் அந்த நேரம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நேற்று வரைக்கும் என்னிடம் படித்த பிள்ளை என்னைப் பார்த்து எழும்பாதே என்கிறாள்.

மாமி அவள் முழங்கையைப் பிடித்தா. "பிள்ளை, இண்டைக்கு வாசலில அம்புலன்ஸோ? ரூபன் காரில கொண்டுபோகட்டும். பின் கதவால கூட்டிக்கொண்டு போகலாம்தானே?"

துஷ்யந்தி போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் வயது, நாடி எப்படி அடிக்கிறது, எந்தக் கை விறைத்தது, மெழுகுதிரி விழுந்தது சரியாக எத்தனை மணிக்கு. அவள் மணிக்கூட்டைப் பார்த்தது அதற்குத்தான்.

அம்புலன்ஸ் முன்வாசலுக்கே வந்தது. பிளாஸ்ரிக் வாழைக்கு நடுவால் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பட்டுச்சீலையோடு படுத்திருந்த எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மார்சியா என்னோடு ஏறினாள்.

6

சின்ன அளவில் மூளைக்கு ஒரு அடைப்பு வந்து விலகியிருக்கிறது என்று சொன்னார்கள். இரத்தம் கட்டிபடாமல் இருக்க மருந்து தொடங்கினார்கள். பின்னேரம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்டேன். அந்த டொக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, பின்னேரம் வரைக்கும் காத்திராதது நல்லது என்றார்.

அபி அழுது வீங்கின முகத்தோடு வந்தாள். மூன்று கிழமையாக மூச்சு வாங்கியதைக் கேள்விப்பட்டதும், "அம்மா, யூ லிட்டரலி டீச் திஸ்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கு ஏச்சு வாங்கினது போல இருந்தது, ஆனால் அவள் என் வலக்கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபி கோப்பி வாங்கப் போன பிறகு மார்சியா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டாள்.

"அந்தக் கதிரையில் இருந்து துஷ்யந்தியிடம் நீ என்ன சொன்னாய்?"

மார்சியாவுக்குத் தமிழ் தெரியாது. வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். உள்ளதைச் சொன்னேன்.

அவள் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நானே முன்னுக்கு வந்திருப்பேன்" என்றாள். "அவளால் மறுக்க முடியாது என்று நான் சொன்னேன். நீ சண்டை பிடித்தாய். அவளைப் பொய் சொல்ல வைக்கப் போகிற ஆள் நீயாக இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை."

அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர வேறொன்றும் அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த வகுப்பில் இதை மறைக்காமல் நீயே சொல்ல வேண்டும் என்று ஒரு ரெக்ஸ்ற் வந்தது. அவ்வளவுதான். அவள் கோபம் நியாயமானது. இருந்தும் எனக்கு நோகிறது.

7

அந்தக் கிழமை துஷ்யந்தியின் கிளினிக்குக்கு ஒருவரும் வரவில்லை. வீடியோ எல்லா இடமும் சுற்றியது. ஒரு குறூப்பில் நான் செத்தும் போனேன். றிச்மண்ட் ஹில்லில் இருந்து ஒரு அன்ரி என் வீட்டுக்கே போன் எடுத்து, நான் "ஹலோ" என்றதும் பயந்து வைத்துவிட்டா. மாமி மருமகளோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை என் உயிரைக் காப்பாற்றினாள், அதற்குக் கிடைத்த கூலி இது. படுத்த படுக்கையில் ஒரு திட்டம் போட்டு அவளுக்குப் போன் எடுத்தேன்.

"துஷி, ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டை வாவன். நான் எங்கட மனிசிமார் எல்லாரையும் கூப்பிடுறன். நீ சும்மா ஒருக்கா எல்லாற்ற காலையும் பார். நல்ல பிள்ளை எண்டு சனம் சொல்லும். பிறகு பார், கிளினிக்கில இருக்க இடம் இராது."

 மறுபக்கத்தில் ஒரு கதிரை இழுபட்டது.

"இல்லை அன்ரி" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

"ஏன் பிள்ளை?"

"கிளினிக் திறந்துதான் கிடக்குது. கால் நோகிற ஆக்கள் அங்க வரட்டும்."

"ஒருத்தரும் வராட்டி?"

"நான் அங்கதான் இருப்பன்." குரல் இந்த முறை தணியவில்லை. "உங்களுக்கும் ப்ரெஷர் பாக்கவேணும், புது மருந்து தொடங்கியிருக்கினம். போன் பண்ணி அப்பொயின்ட்மென்ற் எடுங்கோ."

"இப்ப உன்னோடதானே கதைக்கிறன்?"

"இது என்ர நம்பர் அன்ரி. கிளினிக் நம்பருக்கு எடுங்கோ."

வைத்துவிட்டாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளினிக் நம்பரைத் தேடி அமத்தினேன். வேலைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை. அவளேதான் எடுத்தாள், கொஞ்சத்துக்கு முதல் என்னோடு பேசியது போலவே காட்டிக்கொள்ளவில்லை. பெயர் கேட்டாள், சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள், சொன்னேன்.

"முந்தி எங்கட கிளினிக்குக்கு வந்திருக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை" என்றேன். "ஒருக்கா வந்தனான்."

எந்த நாள் வசதி என்று அவள் கேட்டாள்.